தானாக மூடிக்கொள்ளும் கதவு

2002-ஆம் ஆண்டு ஜூலை மாதம். ராயபுரத்தில், கடற்கரையிலிருந்து நான்கு சந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு சின்ன வீட்டில் நடந்தது இது. அப்போது எனக்கு ஐம்பது வயது முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டேன். எழுத வேண்டும் என்று நினைத்து ஆறு தடவை உட்கார்ந்து ஆறு தடவையும் எழுந்துவிட்டேன். இது ஏழாவது.

அதற்கு முன் இருபத்து நான்கு வருடம் எண்ணூரில் ஒரு தனியார் ரசாயனத் தொழிற்சாலையில் கருவிப் பிரிவில் பொறியாளராக இருந்தேன். அழுத்தமானி, வெப்பமானி, வால்வு என்று என் பொறுப்பில் இருந்தவை மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றின் எண்ணும் மனப்பாடம். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது எங்கள் பிரிவில் பதினேழு பேரில் ஒன்பது பேர் விருப்ப ஓய்வு என்று கையெழுத்துப் போட்டோம். விருப்பம் யாருடையது என்று அந்தத் தாளில் எழுதவில்லை.

மற்ற எட்டுப் பேரில் ஒருவர் ஜெராக்ஸ் கடை வைத்தார், மூன்று பேர் வளைகுடாவுக்குப் போனார்கள், மீதிப் பேர் வீட்டில் இருந்தார்கள். நான் உள் அலங்காரம் படிக்கப் போனேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் எங்கள் கட்டுப்பாட்டு அறையைப் புதுப்பித்தபோது, எந்தப் பலகை எங்கே, ஆள் எங்கே உட்கார வேண்டும், எந்தப் பொத்தானுக்குக் கை எவ்வளவு நீள வேண்டும் என்று நான்தான் வரைந்து கொடுத்தேன். வெளியிலிருந்து வந்த கட்டட வடிவமைப்பாளர் அதைப் பார்த்துவிட்டு, "சார், உங்களுக்கு இது வருது" என்றார். இருபத்து நான்கு வருடத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுகள் நான்கு. அதில் என்னோடு வீடு வரைக்கும் வந்தது அது ஒன்றுதான்.

ஓராண்டுப் படிப்பு. வகுப்பில் இருபத்தெட்டு பேர், அதில் இருபத்து நாலு பேர் என் பெண்ணைவிடச் சின்னப் பெண்கள். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தார்கள். திருவொற்றியூரில் எங்கள் தெருமுனை டீக்கடையில் பழைய ஃபிட்டர் ஒருவர், "இன்னா மாமு, வால்வு மாட்டிகினு இருந்தியே, இப்போ ஜன்னலுக்கு ஸ்கிரீன் மாட்டப் போறியாமே. அப்டியே நம்ம வூட்டுக்கும் ஒரு கொசுவலை மாட்டிட்டுப் போ" என்றார். என் மனைவி, வெளியில் யாராவது கேட்டால் இன்ஜினியர் என்றே சொல்லச் சொன்னாள்.

படிப்பு முடிந்து நூற்றுப் பத்து நாள் கழித்து வந்த முதல் வேலைதான் அந்த ராயபுரம் வீடு.

வீட்டில் ஒரு வயதான அம்மா மட்டும் இருந்தார். அவருடைய மகள் குவைத்தில் நர்ஸ். ஒரு மாத விடுமுறையில் வந்திருந்தவர், எங்கள் தெருவில் இருந்த தன் சிநேகிதி மூலம் என்னைப் பிடித்தார். "எங்கம்மா காலமெல்லாம் இந்த ஓட்ட வூட்டுலயே இருந்துட்டாங்க சார். நல்லா பண்ணிக் குடுங்க. இன்னா வேணா பண்ணுங்க, ஆனா கதவு மட்டும் நல்ல கதவா இருக்கணும். தானா மூடிக்கணும், தானா பூட்டிக்கணும்" என்றார். கதவைப் பற்றி மட்டும் மூன்று முறை சொன்னார். ஒருவர் ஒன்றை மூன்று முறை சொன்னால் ஏன் என்று கேட்க வேண்டும். எனக்கு அது தோன்றவில்லை. குறிப்பேட்டில் கதவு என்ற வார்த்தைக்குக் கீழே மூன்று கோடு போட்டுக்கொண்டேன்.

மறுநாள் போய் வீட்டை அளந்தேன். தொழிற்சாலையில் செய்வதைப் போலக் குறைகளைப் பட்டியல் போட்டேன். நாற்பத்து மூன்று வந்தது. முதல் குறை, வாசல் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. கழற்றி எடுத்த இடத்தில் நான்கு துளைகள் மட்டும் இருந்தன. கதவு சாத்திக்கொள்ளாதபடி ஒரு பழைய ஆட்டுக்கல் குழவியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். கீல் கெட்டுப்போய்க் கதவு நிற்கவில்லை போலிருக்கிறது என்று எழுதிக்கொண்டேன்.

சுவரில் மாதா படத்துக்குக் கீழே மூன்று புகைப்படங்கள். இரண்டுக்கு மாலை போட்டிருந்தது. மாலை இல்லாத மூன்றாவதில் ஒரு இளைஞன், சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றான்.

"பையனாம்மா? எங்க இருக்கார்?" என்று கேட்டேன்.

"கடலுக்குப் போய்கீறான்" என்றார் அந்த அம்மா.

ராயபுரத்தில் அது சாதாரணப் பதில். 'மகன் - மீன்பிடித் தொழில்' என்று எழுதி, அவன் துணிமணிக்கென்று ஒரு அலமாரியும் திட்டத்தில் சேர்த்தேன். அந்த அம்மா அந்த அலமாரியை வேண்டாம் என்று சொல்லவில்லை. எவ்வளவு உயரம் என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

மகள் குவைத்துக்குத் திரும்பிய பிறகு வேலையை ஆரம்பித்தோம். முப்பத்து நான்கு நாள் ஆனது. பகலெல்லாம் அந்த அம்மா எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்து நாங்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் அவர் கோயிலுக்குப் போயிருந்த நேரம், தச்சர் அந்தக் குழவியைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், இத்த இன்னா பண்றது? அந்தம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கலாமா?" என்றார். "புதுக் கதவுக்கு அது எதுக்கு? குப்பையோட அனுப்புங்க" என்றேன். அன்று சாயங்காலம் லாரியில் போன பதினோரு மூட்டை இடிசலோடு அதுவும் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

கடைசி நாள் கதவை மாட்டினோம். நல்ல கனமான கதவு. மேலே இழுத்து மூடுகிற ஸ்பிரிங் கருவி. மூடியதும் தானாகப் பூட்டிக்கொள்கிற பூட்டு. வெளியிலிருந்து சாவி இல்லாமல் திறக்காது. முழுதாகத் திறந்துவிட்டு எண்ணினேன். சரியாக ஆறு விநாடியில் சத்தமில்லாமல் வந்து மூடிக்கொண்டது. எட்டு முறை செய்து காட்டினேன்.

"தானா மூடிக்குமா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"ஆமாம்மா. நீங்க மறந்தாலும் அது மறக்காது."

அவர் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "வேல சுத்தமாக் கீது நைனா" என்று மட்டும் சொன்னார். அந்தப் பாராட்டோடு வீட்டுக்கு வந்தேன்.

பத்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இரவல் கேமராவும் முப்பத்தாறு படம் எடுக்கும் ஒரு ஃபிலிம் ரோலும் எடுத்துக்கொண்டு போனேன். புது வாடிக்கையாளர்களுக்குக் காட்ட ஆல்பம் வேண்டும் அல்லவா.

சந்தில் திரும்பும்போதே தெரிந்தது. அந்த அம்மா வாசற்படியில் குறுக்காக உட்கார்ந்திருந்தார். கால் ஒரு பக்கச் சட்டத்தை ஒட்டி நீண்டிருந்தது. முதுகு கதவில் சாய்ந்திருந்தது. மடியில் முறம், அதில் பாதி உரித்த வெங்காயம். சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

எதிர்வீட்டில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்ததும், "வா சார், வா. சூப்பராக் கதவு போட்டுக் குடுத்த. பத்து நாளா ஆயா அதுக்கு முட்டுக் குடுத்துகினு குந்திகீது. சோறு துன்றதும் அங்கயே, படுக்கறதும் அங்கயே. போட்டோ புடிக்க வந்தியா? புடி, புடி, நல்லா வெளிச்சத்துல புடி" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதாவது வைத்து நிறுத்தியிருக்கலாமே என்றேன். செங்கல் வைத்துப் பார்த்தார்களாம். நான் போட்ட வழவழப்பான தரையில் ஸ்பிரிங் அதைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. கனமாக எதையாவது வைத்தால் தரை கீறும், மகள் ஆசையாகப் போட்டுக் கொடுத்த தரை ஆயிற்றே என்று அந்த அம்மா விடவில்லை.

"பகல்ல சரிம்மா, ராத்திரி எதுக்குக் கதவைத் திறந்து வைக்கணும்?" என்று கேட்டேன். கேட்டபோது என் குரலில் கொஞ்சம் எரிச்சல்கூட இருந்தது.

அந்த அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமல் சொன்னார். மகன் போன படகில் ஆறு பேர். நாலு பேர் திரும்பி வந்தார்கள். ஏழு வருடம் ஆகிறது. அவனும் இன்னொருவனும் கிடைக்கவில்லை, எந்தக் கரையிலும் ஒதுங்கவில்லை.

"அவன் தட்ட மாட்டான் நைனா. சின்னதுலேர்ந்தே அவனுக்கு அந்தப் பழக்கமில்ல. விடியகாலைல கடல்லேர்ந்து வருவான், கதவு சாத்திகினு இருந்திச்சின்னா, அம்மா தூங்குது, எழுப்பக்கூடாதுன்னு திரும்பிப் பூடுவான். மணல்ல, படகு நிழல்ல போய்ப் படுத்துக்குவான். ஒரு வாட்டி அனலா ஜொரம், அப்பவும் தட்டாம போய்ப் படுத்துகினான். அன்னிக்குத் தாழ்ப்பாளப் புடுங்கிப் போட்டேன்."



எங்கள் தொழிலில் ஒரு வால்வை வாங்குவதற்கு முன் கேட்கிற முதல் கேள்வி ஒன்று உண்டு. அதை இயக்குகிற காற்று திடீரென்று நின்றுபோனால், அந்த வால்வு திறந்து நிற்க வேண்டுமா, மூடி நிற்க வேண்டுமா? சிலது மூடாவிட்டால் ஆள் சாவான். சிலது மூடினால் ஆள் சாவான். அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு வால்வைக்கூட நான் தொட்டதில்லை. இருபத்து நான்கு வருடம் கேட்ட அந்தக் கேள்வியை ஒரு வீட்டுக் கதவைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. வேலையை மாற்றிக்கொண்டபோது, அதுவரை தெரிந்ததையெல்லாம் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

அன்றைக்கே ஒரு ஸ்க்ரூ டிரைவரை வாங்கி அந்த ஸ்பிரிங்கைக் கழற்றியிருக்கலாம். ஐந்து நிமிட வேலை. நான் என்ன செய்தேன்? "உங்க பொண்ணு சொல்லித்தான் போட்டேன்மா. அவங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கழட்டறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். எந்த மாற்றத்துக்கும் மேலே ஒரு கையெழுத்து வேண்டும் என்று பழகிய புத்தி. அந்த அம்மா, "அதான் சரி. அவளக் கேளு" என்றார். படம் ஒன்றும் எடுக்கவில்லை.

மகள் வெள்ளிக்கிழமைகளில்தான் குவைத்திலிருந்து போனில் பேசுவார். மூன்று நாள் காத்திருந்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"தெரிஞ்சுதான் சார் கேட்டேன்" என்றார். "ஏழு வருஷமா எங்கம்மா வூட்டுக்குள்ள நிம்மதியாப் படுக்கல. தனியாக் கீது, தெருவுல போறவன் வர்றவன் எல்லாம் பாக்கறான், கதவு பப்பரப்பான்னு தொறந்துகினு கீது. நான் இங்க நோயாளிய பாத்துகினு இருப்பேன், நெனப்பு பூரா அந்தக் கதவு மேலதான். என் தம்பி வர மாட்டான் சார். யாராவது ஒருத்தர் அத மூடணும்ல? என்னால எங்கம்மா மூஞ்சப் பாத்துச் சொல்ல முடியல. கதவு சொல்லட்டும்னு நெனச்சேன்."

பிறகு, "கழட்டாதீங்க. ரெண்டு மாசம் போனாப் பழகிடும்" என்றார்.

மறைக்காமல் எழுத வேண்டும் என்றால், அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. உத்தரவு வந்துவிட்டது. என் வேலையும் குலையாது. மகள் சொன்னதிலும் தப்பில்லை, தம்பியை இழந்தவர் அவரும்தானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சந்துப் பக்கம் போகவில்லை. ராயபுரத்தில் வேறு வேலை இருந்தாலும் சுற்றிக்கொண்டு போனேன். சாப்பிட உட்கார்ந்தால், இப்போது அந்த அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று தோன்றும். பழகியிருப்பார் என்று சொல்லிக்கொள்வேன்.

செப்டம்பர் கடைசியில் நான்கு நாள் சாயங்காலம் சாயங்காலமாக மழை கொட்டியது. ஐந்தாம் நாள் காலையில் தச்சர் வீட்டுக்கு வந்தார். உள்ளே வந்து உட்காரவில்லை.

"ஆயாவ ஆஸ்பத்திரில சேத்துகீறாங்க சார். நாலு நாளும் வாசப்படிலயே நனைஞ்சுகினு இருந்துகீது. எதிர்வூட்டம்மா கூப்டா வரலயாம். நெஞ்சுல சளி கட்டிகிச்சாம்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் அந்தக் கல்லயாவது எடுத்து வெச்சிருக்கணும்" என்றார்.

அவர் தன்மேல் போட்டுக்கொண்ட பழி என்னுடையது. நான் போய் அந்த அம்மாவைப் பார்த்த செவ்வாய்க்கிழமையிலிருந்து அது இருபத்திரண்டாவது நாள்.

அன்றைக்கே எதிர்வீட்டில் இருந்த சாவியை வாங்கிப் போய் ஸ்பிரிங்கைக் கழற்றினேன். பூட்டின் நாக்கை உள்ளே தள்ளி நிறுத்தினேன். யாரையும் கேட்கவில்லை. குவைத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன், கழற்றிவிட்டேன், கோபம் இருந்தால் என்மேல் வையுங்கள் என்று. பதில் வரவில்லை.

பன்னிரண்டு நாளில் அந்த அம்மா வீடு திரும்பினார். ஆட்டோவிலிருந்து இறக்கி நானும் எதிர்வீட்டு மீன்காரப் பெண்ணும் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தோம். பாதி உடம்பாகியிருந்தார். வாசலில் நின்று கதவை ஒரு விரலால் தள்ளினார். அது போய்ப் பாதியில் நின்றது. திரும்ப இழுத்தார். இழுத்த இடத்தில் நின்றது.

"இப்போ சொன்ன பேச்சு கேக்குது" என்றார். மேலே ஸ்பிரிங் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "அவ இன்னா சொன்னா?" என்று கேட்டார்.

"சரின்னுட்டாங்க" என்றேன். அந்த வீட்டில் நான் சொன்ன ஒரே பொய் அது.

அதன் பிறகு ஏழு மாதம் இருந்தார். வாரம் ஒரு தடவை போவேன். தரை வழுக்குகிறது என்று மட்டும் ஒவ்வொரு தடவையும் திட்டுவார். "வூடு கட்டச் சொன்னா ஐஸ் பேக்டரி கட்டிகீற நைனா" என்பார். கோணி ஒன்றை விரித்துக் கொடுத்தேன். மகனுக்கென்று நான் போட்ட அலமாரியில் இரண்டு சட்டை மடித்து வைத்திருந்தது. வாரா வாரம் அவற்றைத் துவைத்துக் காயப்போட்டு எடுத்து வைப்பார் என்பதைக் கொடிக்கயிற்றைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த ஆண்டு மே மாதம் நெஞ்சுச் சளி திரும்ப வந்து இறந்துபோனார். நுரையீரல் பல வருடமாகவே கெட்டிருந்தது, மழை மட்டும் காரணமில்லை என்று டாக்டர் சொன்னார். நானும் அதைப் பல தடவை எனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்த இருபத்திரண்டு நாளை எதிலிருந்தும் கழிக்க முடியவில்லை.

மகள் வந்து அடக்கம் செய்தார். என்னோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். மறுநாள் விமானம், வீட்டைப் பூட்டிவிட்டுப் போக வேண்டும், கதவில் ஏதோ சரியில்லை என்றார்கள். போய்ப் பார்த்தேன். கதவில் ஒரு கோளாறும் இல்லை. மகள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு படிக்குக் கீழே நின்றார். காலையிலிருந்து அப்படியே நிற்பதாக மீன்காரப் பெண் ஜாடை காட்டினாள்.

"நான்தான் சார் மூடணும்னு சொன்னேன்" என்றார் மகள். "இப்போ கை வர மாட்டேங்குது. உள்ள அவன் சட்ட மடிச்சு வெச்சுகீது சார். எங்கம்மா துவைச்சு வெச்சிட்டுப் போய்கீது. நீங்களே மூடிடுங்க."

சாவியை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார்.

அது தானாக மூடாது. நான்தான் அதை அப்படி ஆக்கியிருந்தேன். கடல் காற்றில் மரம் உப்பிப்போயிருந்தது. உள்ளே தள்ளி வைத்திருந்த பூட்டு நாக்கை விடுவித்தேன். இழுப்பதற்கு முன் சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தேன். கடல் பக்கம் வெயிலில் வலை காயப்போட்டிருந்தார்கள், ஆள் யாரும் வரவில்லை. முதல் இழுப்பில் கதவு வரவில்லை. இரண்டாவது தடவை காலை ஊன்றி இழுத்தேன். பூட்டு விழுந்த சத்தத்துக்கு மகளின் தோள் ஒரு தடவை குலுங்கியது. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பதினான்கு வருடம் அந்தத் தொழிலைச் செய்தேன், நல்ல பெயரும் கிடைத்தது. ஆனால் இன்றைக்கும் எந்த வீட்டுக் கதவைச் சாத்தினாலும், யாரும் வர மாட்டார்கள் என்று நன்றாகத் தெரிந்திருந்தும், தெருவை ஒரு தடவை எட்டிப் பார்க்காமல் என்னால் சாத்த முடிவதில்லை.